பேர்கன் துறைமுகத்தில் ஒரு பகல்

கப்பற் பிரயாணத்தில் ஒரு விந்தை உண்டு. நாட்கணக்காகக் கடலையே பார்த்துக்கொண்டிருப்பவருக்கு, கரை வந்தபின் கிடைப்பது சில மணி நேரமே. காலையில் எட்டு மணிக்குக் கப்பல் துறையை அடைகின்றது. மாலை ஐந்து மணிக்குள் யாவரும் திரும்பிவிடவேண்டும் என்று அறிவித்தற் பலகை கட்டளையிடுகின்றது. இறங்கும் நேரமும் ஏறும் நேரமும் உணவு கொள்ளும் நேரமும் போக ஏறக்குறைய ஆறு மணி நேரம் எஞ்சும். ஏறத்தாழ ஆயிரம் ஆண்டு வரலாறு உடைய ஒரு நகரத்தை ஆறு மணி நேரத்திற் காண்பது எங்ஙனம்?

எல்லாவற்றையும் பார்த்துவிட முயல்பவர் எதனையும் பார்ப்பதில்லை. அவர் ஓடுகிறார், படம் எடுக்கிறார், மீண்டும் ஓடுகிறார். நான்கு இடங்களைத் தெரிந்தெடுத்து, அவை ஏன் அவ்வாறு அமைந்தன என்பதை அறிந்து பார்ப்பவரோ ஒரு நகரத்தை மனத்திற் சுமந்துகொண்டு கப்பலேறுகிறார். நோர்வே நாட்டின் மேற்குக் கரையிலுள்ள பேர்கன் நகரம் இவ்வகைப் பார்வைக்கு மிகவும் ஏற்றது. அதன் முக்கியமான இடங்கள் யாவும் துறைமுகத்திலிருந்து நடந்து செல்லும் தூரத்திலேயே உள்ளன.

பேர்கன், தலைநகராகிய ஓஸ்லோவுக்கு அடுத்தபடியாக நோர்வேயின் இரண்டாவது பெரிய நகரம். ஏறத்தாழ மூன்று இலட்சம் மக்கள் அங்கு வாழ்கின்றனர். 1070ஆம் ஆண்டளவில் ஒலாவ் கியூரே என்னும் மன்னன் இந்நகரை நிறுவினான் என்பது மரபு. வடக்கே 60 பாகை அகலக்கோட்டில் இருந்தபோதிலும் இதன் துறைமுகம் குளிர்காலத்தில் உறைவதில்லை. தெற்கிலிருந்து வரும் வெப்ப நீரோட்டம் நோர்வேக் கரையைத் தழுவிச் செல்வதே அதற்குக் காரணம். அதே கடலின் மீதிருந்து வரும் ஈரக்காற்று, நகரைச் சூழ்ந்து நிற்கும் மலைகளில் மோதி மேலெழுந்து, குளிர்ந்து, மழையாகக் கொட்டுகின்றது. ஆண்டொன்றில் 200 நாட்களுக்கு மேல் அங்கு மழை பெய்யும். ஆண்டு மழைவீழ்ச்சி 2000 மில்லிமீற்றரைத் தாண்டும். ஏழு மலைகளின் நகரம் என்று அவ்வூரார் பெருமையோடு சொல்வர். மழையின் நகரம் என்று பிறர் சொல்வர். கோடையிற் செல்பவரும் குடையோ மழைச்சட்டையோ இல்லாமற் கப்பலிலிருந்து இறங்குவது அறிவுடைமையாகாது. ஆயினும் பிரயாணிகள் நொந்துகொள்ளும் அம்மழைக்கும் நகரின் தலைசிறந்த செல்வத்துக்கும் ஒரு நெருங்கிய உறவு உண்டு. அதனைப் பின்னர்க் காண்போம்.

பெருங் கப்பல்கள் பல, பழைய கோட்டையின் அருகேயுள்ள துறையிற் கட்டப்படுகின்றன. ஆகவே கரையேறுபவரின் கண்ணில் முதலிற் படுவது பேர்கன்ஹூஸ் கோட்டையும், அதனுள் நிற்கும் ஹோக்கன் மன்னனின் கல் மண்டபமுமே. பதின்மூன்றாம் நூற்றாண்டில் நோர்வேயின் அரசியல் நடுவிடமாகப் பேர்கன் விளங்கிற்று. நான்காம் ஹோக்கன் மன்னன் தன் மகன் மாக்னஸின் திருமணத்தை 1261ஆம் ஆண்டு இம்மண்டபத்திற் கொண்டாடினான். இந்த மாக்னஸ்தான் 1274ஆம் ஆண்டில், பிரதேசத்துக்கொன்றாக இருந்த சட்டங்களைத் தொகுத்து நாடு முழுவதற்கும் ஒரே சட்டநூலை வழங்கி, சட்டம் திருத்திய மன்னன் என்னும் பெயர் பெற்றவன். இரண்டாம் உலக யுத்தத்தின்போது, 1944ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதம் 20ஆம் நாள், வெடிமருந்து ஏற்றிய கப்பலொன்று இத்துறைமுகத்தில் வெடித்தது. பலர் மாண்டனர், ஆயிரக்கணக்கானோர் காயமுற்றனர். மண்டபத்தின் கூரை எரிந்தொழிய, சுவர்கள் மட்டுமே எஞ்சின. அச்சுவர்களின் மீது மீண்டும் எழுப்பப்பட்ட கூரையையே இன்று காண்கிறோம். எரிவதும் எழுவதும் இந்நகரின் வரலாற்றில் மீண்டும் மீண்டும் நிகழ்ந்தவை.

கோட்டையிலிருந்து கரையோரமாகச் சில நிமிடங்கள் நடந்தால் பிறிகன் என்னும் பழைய வணிகர் தெரு வந்துவிடும். இறங்குதுறை என்பதே அச்சொல்லின் பொருள். சிவப்பும் மஞ்சளும் வெள்ளையுமாகிய கூர்முகப்பு மரவீடுகள் ஒன்றோடொன்று தோள் சேர்த்துக் கடலை நோக்கி நிற்கும் காட்சியைப் படங்களிற் பார்த்தவர் பலர். அழகிய வீட்டு வரிசை என்று மட்டும் எண்ணி, எதிரே நின்று படமெடுத்துக்கொண்டு போய்விடுவோரும் பலர். அவ்வீடுகளுக்கு இடையிலுள்ள ஒடுங்கிய பலகை நடைக்குள் நுழைந்து பார்க்கவேண்டும். கதை அங்கேதான் இருக்கிறது.

வட ஜேர்மனியின் வணிக நகரங்கள் ஒன்றுகூடி அமைத்த ஹன்சா என்னும் கூட்டு, பதினான்காம் நூற்றாண்டின் நடுப்பகுதியிற் பேர்கனில் ஒரு நிலையம் நிறுவியது. அவ்வணிகரைக் கவர்ந்தது பொன்னுமன்று, மணியுமன்று, கருவாடு. நோர்வேயின் வடபகுதியிலுள்ள லொபோட்டன் தீவுகளருகே மாரிகாலத்திற் கொட் என்னும் மீன் பெருந்திரளாக வந்து கூடும். அதனைப் பிடித்து, தலை நீக்கி, இரண்டிரண்டாகக் கட்டி, மரச் சட்டங்களில் தொங்கவிடுவர். நம் நாட்டுக் கருவாட்டைப்போல அதற்கு உப்பு இடுவதில்லை, வெயிலும் வேண்டியதில்லை. உறைநிலையை ஒட்டிய குளிர்காற்றே அதனை உலர்த்திவிடும். புழுவும் ஈயும் அக்குளிரில் அணுகா. இவ்வாறு மரக்கட்டைபோல் இறுகிய மீன் ஆண்டுக்கணக்காகக் கெடாது. இறைச்சி உண்ணாத நோன்பு நாட்கள் மிகுந்திருந்த அக்கால ஐரோப்பாவில் அதற்கு ஓயாத கிராக்கி இருந்தது. வட நோர்வேயிலோ தானியம் விளைவது அரிது. மீன் தெற்கே வந்தது. ஜேர்மன் வணிகரின் கப்பல்களில் தானியம் வடக்கே சென்றது. இவ்விரண்டும் கைமாறிய இடம் பேர்கன். அந்நிலையத்தின் சின்னத்தில் ஒரு பாதி கழுகு, மறு பாதி முடி சூடிய கருவாடு. நகரை வாழவைத்தது எது என்பதை வணிகர் மறைக்கவில்லை.

அவ்வீடுகளில் வாழ்ந்தோர் ஆடவர் மட்டுமே. நிலையத்திற் பணிபுரியும்வரை அவர்கள் மணம்புரிதல் விலக்கப்பட்டிருந்தது. தொழில் பழக வந்த சிறுவர்கள் பெட்டி போன்ற படுக்கைகளில் உறங்கினர். நீண்ட மாரிகாலத்திலும் அவ்வீடுகளுள் நெருப்பு மூட்டக்கூடாது என்பது கடுமையான விதி. தீ மூட்டவும், சமைக்கவும், குளிர்காயவும் பின்புறத்தே தனிக் கூடங்கள் இருந்தன. 1754ஆம் ஆண்டுடன் ஜேர்மன் நிலையம் முடிவுற்று, வணிகம் நோர்வே மக்களின் கைக்கு வந்தது.

நெருப்பைக் குறித்த அந்த அச்சம் காரணமற்றதன்று. மரத்தாலான பேர்கன் பலமுறை எரிந்தது. 1702ஆம் ஆண்டுத் தீயிற் பிறிகன் முழுவதும் சாம்பராயிற்று. ஆயினும் வணிகர் பழைய எல்லைகளின்மீதே, பழைய முறைப்படியே மீண்டும் கட்டினர். ஆகவே இன்று காணும் வீடுகள் பதினெட்டாம் நூற்றாண்டின் மரங்களே எனினும், வீதியின் அமைப்பு இடைக்காலத்துக்குரியது. விலையுயர்ந்த பொருள்களை வைக்கப் பின்னாற் கல்லறைகள் கட்டினர். நகரின் ஏனைய பகுதிகளில் தேவைக்கு மிஞ்சிய அகலத்துடன் வெளிகள் கிடப்பதைக் காணும் பிரயாணி வியப்படையலாம். அழகுக்காக மாத்திரம் விடப்பட்ட வெளிகள் அல்ல அவை. ஒரு பகுதியிற் பற்றிய தீ மறு பகுதிக்குத் தாவாதபடி தடுக்கும் இடைவெளிகள். பிறிகனின் தென்பாதி இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இடிக்கப்பட்டுச் செங்கற் கட்டடங்களுக்கு இடங்கொடுத்தது. 1955ஆம் ஆண்டில் மற்றொரு தீ, எஞ்சியதில் ஒரு பகுதியையும் விழுங்கிற்று. இப்பொழுது 62 கட்டடங்களே நிற்கின்றன. 1979ஆம் ஆண்டில் யுனெஸ்கோ அவற்றை உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்த்தது.

1955ஆம் ஆண்டுத் தீயினால் ஒரு நன்மையும் விளைந்தது. எரிந்த நிலத்தைத் தொல்பொருள் ஆராய்ச்சியாளர் ஆண்டுக்கணக்காக அகழ்ந்தனர். ஈர மண்ணிலிருந்து நூற்றுக்கணக்கான மரக்குச்சிகள் வெளிவந்தன. அவற்றிற் பழைய ரூன் எழுத்துக்கள் கீறப்பட்டிருந்தன. அதுவரை இவ்வெழுத்து, மாண்டவர் நினைவாகக் கல்லிற் பொறிக்கப்படுவது என்றே பெரும்பாலும் கருதப்பட்டது. இக்குச்சிகளோ சரக்கின் உரிமையாளர் பெயர், வணிகச் செய்தி, காதல் மொழி, வழிபாட்டு வாசகம் எனச் சாதாரண மனிதரின் அன்றாட வாழ்வை எடுத்துரைத்தன. வீட்டுக்கு வரச்சொல்லி ஒரு பெண் அனுப்பிய அழைப்பும் அவற்றுள் ஒன்று. எழுநூறு எண்ணூறு ஆண்டுகளுக்கு முன் ஊரார் எழுதிய சிறு குறிப்புகளை அருகேயுள்ள பிறிகன் நூதனசாலையிற் காணலாம். அங்கு செலவிடும் ஒரு மணி நேரம் வீண்போகாது.

மரக்குச்சி அத்தனை நூற்றாண்டுகள் மக்காதிருந்தது எவ்வாறு? இங்கேதான் மழையின் உறவு வெளிப்படுகின்றது. மரத்தை உக்கச் செய்யும் பூஞ்சணமும் நுண்ணுயிர்களும் பெரும்பாலும் காற்றிலுள்ள பிராணவாயுவின்றிச் செயற்படமாட்டா. நிலம் நீரால் நிறைந்திருக்கும்வரை அவ்வாயு உள்ளே புகுவதில்லை. பேர்கன் வணிகர் தலைமுறை தலைமுறையாகக் கடலுக்குள் மரச்சட்டங்களை இறக்கி, கழிவும் மண்ணும் இட்டு நிரப்பி, துறையை முன்தள்ளிக்கொண்டே வந்தனர். ஆகவே இன்றைய பிறிகன் நிற்பது பாறையின்மீதன்று. பல மீற்றர் ஆழமுள்ள பழைய மரங்களின் மீதும் குப்பையின் மீதும். எரிந்த இடத்திற் பின்னர் ஒரு விடுதி எழுந்தபோது, அதன் அடித்தளத்தைச் சூழ நிலத்தடி நீர் வடியத் தொடங்கியது. நீர் தாழ்ந்தது, காற்றுப் புகுந்தது, புதைந்திருந்த மரம் உக்கியது, மேலே நின்ற வீடுகள் ஆண்டுக்குச் சில மில்லிமீற்றர் வீதம் தாழ்ந்தன. காரணத்தைக் கண்டறிந்த அறிஞர்கள் செய்த பரிகாரம் எளியது. கூரையிலும் தெருவிலும் விழும் மழைநீரைச் சாக்கடையில் விடாது, மீண்டும் நிலத்துக்குள் செலுத்தினர். நீர்மட்டம் உயர்ந்தது, தாழ்வும் தணிந்தது. பிரயாணியின் சட்டையை நனைக்கும் அதே மழைதான் அவர் காணவந்த வீடுகளைத் தாங்கி நிற்கின்றது.

பிறிகனிலிருந்து பத்து நிமிட நடையில், புகையிரத நிலையத்துக்கு அருகே, பெரும்பாலான கப்பற் பிரயாணிகள் அறியாத ஓரிடம் உண்டு. அது சென் ஜோர்ஜன் வைத்தியசாலை. பதினைந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்தே தொழுநோயாளர் இவ்விடத்தில் வைக்கப்பட்டனர். இன்று நிற்கும் மரக் கட்டடங்கள் 1702ஆம் ஆண்டுத் தீக்குப் பின் எழுந்தவை. நடுவிலே பொதுக்கூடம். அதனைச் சூழ இரண்டு மாடியிலும் சிறு சிறு அறைகள். ஓர் அறையில் இருவர். அருகே அவர்களுக்கென ஒரு தேவாலயம். பத்தொன்பதாம் நூற்றாண்டில், ஐரோப்பாவின் ஏனைய பகுதிகளிற் பெரும்பாலும் மறைந்துபோன இந்நோய் மேற்கு நோர்வேயின் ஏழை விவசாயிகளிடையேயும் மீனவரிடையேயும் பெருகியது. பேர்கன் இந்நோய் ஆராய்ச்சியின் தலைமையிடமாயிற்று. 1856ஆம் ஆண்டில் நாடு முழுவதிலுமுள்ள நோயாளரைப் பதிவுசெய்யும் ஏடு தொடங்கப்பட்டது. ஒரு நோய்க்கு நாடளாவிய பதிவேடு ஏற்பட்ட மிகப் பழைய உதாரணங்களுள் இஃதொன்று.

தொழுநோய் பரம்பரையாக வருவது என்று அக்காலப் பேரறிஞராகிய டானியல் கொர்னீலியஸ் டானியல்சன் நம்பினார். அவரிடம் பணிபுரிந்தவரும் அவருடைய மருமகனுமாகிய கெர்ஹார்ட் ஆர்மவர் ஹன்சன் அக்கருத்தை ஏற்கவில்லை. பதிவேடுகளையும் நோயாளரையும் ஆராய்ந்து, 1873ஆம் ஆண்டில் நோயாளரின் திசுக்களிற் கோல்வடிவ நுண்ணுயிர்களைக் கண்டு, அவையே காரணம் என்றார். மனிதரின் நீடித்த நோயொன்றுக்கு நுண்ணுயிரே காரணம் எனக் காட்டிய முதற் கண்டுபிடிப்புகளுள் இது சேரும். பரம்பரைக் குற்றமோ தெய்வ சாபமோ அன்று, ஒரு கிருமி என்பது தெளிந்தது. இன்று அந்நோய் ஹன்சன் நோய் என்று அவர் பெயராலேயே வழங்கப்படுகின்றது.

ஆயினும் அவ்விடத்தில் ஒரு புகழ்க்கதையை மட்டும் கேட்டுத் திரும்புதல் தகாது. தம் கருத்தை நிலைநாட்டும் வேட்கையால் ஹன்சன் 1879ஆம் ஆண்டில் ஒரு பெண் நோயாளியின் கண்ணில், அவளுடைய இசைவைப் பெறாமலே, மற்றொரு நோயாளியிடமிருந்து எடுத்த பொருளைப் புகுத்தினார். அவர்மீது வழக்குத் தொடரப்பட்டது. 1880ஆம் ஆண்டில் நீதிமன்றம் அவரைக் குற்றவாளியெனக் கண்டு, வைத்தியசாலைப் பதவியினின்றும் நீக்கியது. ஓர் ஏழை நோயாளியின் உடல் அவளுக்கே உரியது என்பதை, ஊரார் போற்றிய அறிஞருக்கு எதிராகவே அம்மன்றம் கூறிற்று. அறிவின் பெருமையும் அதற்கு இருக்கவேண்டிய எல்லையும் ஒரே கட்டடத்தின் கதையில் அடங்கியுள்ளன. அங்கிருந்த கடைசி நோயாளர் இருவரும் 1946ஆம் ஆண்டில் இறந்தனர். இருவரும் ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக அங்கேயே வாழ்ந்தவர்கள். அதன்பின் சில ஆண்டுகளுள் இந்நோய்க்கு நல்ல மருந்துகள் வழக்கத்துக்கு வந்தன. இன்று அது முற்றாகக் குணப்படுத்தக்கூடியது. பேர்கனின் தொழுநோய் ஆவணங்களை 2001ஆம் ஆண்டில் யுனெஸ்கோ உலக நினைவுப் பதிவேட்டிற் சேர்த்தது. வைத்தியசாலை இப்பொழுது நூதனசாலையாக விளங்குகின்றது. அதன் கதவு பெரும்பாலும் கோடை மாதங்களிலேயே திறக்கப்படும்.

இவற்றைக் கண்டபின் நகரை மேலிருந்து ஒருமுறை நோக்குவது நன்று. பிறிகனுக்கு அண்மையிலிருந்தே புளோயன் மலைக்கு இழுவைப் புகையிரதம் செல்கின்றது. பெயரளவிலேதான் அது புகையிரதம், புகை கிடையாது. 1918ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட இதில் இரு பெட்டிகள் ஒரே வடத்தின் இரு முனைகளிலும் பிணைக்கப்பட்டுள்ளன. ஒன்று இறங்கும்போது அதன் பாரம் மற்றதனை மேலேற்ற உதவுகின்றது. நடுவழியில் இரண்டும் விலகிச் செல்கின்றன. சில நிமிடங்களிற் கடல்மட்டத்துக்கு மேல் 320 மீற்றர் உயரத்தை அடையலாம். துறைமுகம் ஒரு விரல்போல் நகருக்குள் நீண்டு கிடப்பதும், தீத்தடுப்பு வெளிகள் நகரைக் கூறுபோடுவதும் அங்கிருந்து தெளிவாகத் தெரியும். கப்பற் பிரயாணிகள் அனைவரும் முற்பகலில் இவ்விடத்திலேயே திரள்வதால், ஏறுவதற்கு நீண்ட வரிசையிற் காத்திருக்க நேரிடும். வலுவுள்ளோர் புகைவண்டியில் ஏறி, காட்டுவழியே நடந்து இறங்கினால் நகரத்து மக்களின் ஓய்வுநாட் பழக்கத்தையும் அறிந்துகொள்வர்.

சங்கீதத்தில் விருப்பமுடையோர் வேறொரு திட்டம் வகுக்கலாம். நோர்வேயின் புகழ்பெற்ற இசைமேதை எட்வார்ட் கிறீக் 1843ஆம் ஆண்டில் இந்நகரிற் பிறந்தவர். 1885ஆம் ஆண்டு முதல் 1907ஆம் ஆண்டில் இறக்கும்வரை, நகருக்குத் தெற்கே ஏரிக்கரையிலுள்ள துரோல்ஹௌகன் என்னும் இல்லம் அவருடைய வீடாக இருந்தது. பூதக்குன்று என்பது அதன் பொருள். நகர் நடுவிலிருந்து மின்சாரப் புகைவண்டியில் சென்று, பின்னர் இருபது நிமிடங்களுக்குமேல் நடக்கவேண்டும். ஏரியை நோக்கிய ஒரு சிறு மரக்குடிலில் அவர் இசையமைத்தார். அவருடைய சாம்பர் அருகேயுள்ள பாறையிற் குடையப்பட்ட மாடத்தில் வைக்கப்பட்டுள்ளது. இதற்குப் பாதிப் பகல் செலவாகும். ஆதலால் இதனை மேற்கொள்பவர் மலையையோ நூதனசாலையையோ கைவிட நேரும். ஓவியப் பிரியருக்கோ நகர் நடுவிலுள்ள குளத்தின் கரையிலேயே, எட்வார்ட் முங்கின் ஓவியங்களைக் கொண்ட கலைக்கூடம் இருக்கிறது.

துறைமுகத்தின் தலைப்பிலுள்ள மீன் சந்தையை எவரும் தேடவேண்டியதில்லை. அது தானே வழியில் வந்து நிற்கும். சமன் மீனும் இறாலும் நண்டும் அங்கு சமைத்தும் தருவர். நோர்வேயில் விலைவாசி மிக உயர்வு. சந்தையில் அது இன்னும் உயர்வு. விலையைக் கேட்டபின் தட்டை வாங்குவதே உசிதம்.

கப்பல்கள் கொண்டுவரும் கூட்டமும் இந்நகருக்கு ஒரு பிரச்சினையாகியுள்ளது. ஒரு பெருங் கப்பலில் மூவாயிரம் நாலாயிரம் பேர் வருவர். பல கப்பல்கள் ஒருசேர வந்தால், இருவர் அருகருகே நடக்கச் சிரமப்படும் பிறிகன் நடைகள் என்னாகும்? ஆகவே நாளொன்றில் வரக்கூடிய கப்பல்கள் நான்கு, பிரயாணிகள் 8000 பேர் என நகர நிருவாகம் வரம்பு விதித்தது. துறையிலே நிற்கும் கப்பல்கள் எண்ணெய் எரித்துப் புகை கக்காதபடி கரையிலிருந்து மின்சாரம் வழங்கவும் ஏற்பாடு செய்யப்பட்டது. மரவீடுகளுக்குள் இன்றும் கைவினைஞர் தொழில் செய்கின்றனர். அவை காட்சிப்பெட்டிகள் அல்ல என்பதை உணர்ந்து, குரல் தாழ்த்தி, பலகையில் மெல்ல நடந்து செல்வது விருந்தினரின் கடமை. மழையில் அப்பலகைகள் வழுக்கும்; மெல்ல நடப்பது தமக்கும் நன்மையே.

வெளியூர்க் கப்பல்களை எதிர்நோக்கியே வளர்ந்த இந்நகரில், தூரதேசத்தார் வந்து குடியேறுவதும் புதிதன்று. வட நோர்வேயின் மீன் தொழிற்சாலைகளில் வேலைதேடிச் சென்ற இலங்கைத் தமிழர் பலர் பின்னர் தெற்கேயுள்ள நகரங்களிற் குடியமர்ந்தனர். பேர்கனும் அவற்றுள் ஒன்று. ஒருகாலத்தில் உலர்ந்த மீன் சென்ற அதே கரையோர வழியில், வடக்கிலிருந்து தெற்கே அவர்களும் வந்துசேர்ந்தனர்.

மாலை ஐந்து மணிக்குக் கப்பலின் சங்கு ஒலிக்கும். கோடைகாலமாயின் சூரியன் மறைவதற்கு இன்னும் ஐந்தாறு மணி நேரம் இருக்கும். ஆயினும் கப்பல் காத்திராது. மேற்றட்டில் நின்று திரும்பிப் பார்ப்பவருக்கு மரவீடுகளின் முகப்புகள் சிறுத்துக்கொண்டே போகும். அநேகமாக மழையும் தூறிக்கொண்டிருக்கும். காலையில் அம்மழையை வெறுத்தவர் மாலையிலும் வெறுப்பாராயின், அவர் பேர்கனைப் பார்க்கவில்லை என்றே கொள்ளவேண்டும்.